கூகுள் மேல் பிராது கொடுப்பது எப்படி? எளாவூர்வாசிகளுக்கு ஒரு கையேடு

எளாவூருக்கு அரசாங்கம் கொடுத்த பெரிய மரியாதை சோதனைச்சாவடி. ஆந்திராவிலிருந்து வரும் லாரியை மடக்கி, தார்ப்பாயை அவிழ்த்து, மூட்டையைக் குத்திப் பார்த்து, கஞ்சா இருந்தால் பிடித்து, மறுநாள் பேப்பரில் படம் போட்டுக்கொள்கிறோம். எல்லை தாண்டி எதுவும் சும்மா நுழைய முடியாது என்று நமக்கு ஒரு பெருமை. கலிபோர்னியாவிலிருந்து வந்து ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் உட்கார்ந்துகொண்டு, உள்ளூர்க்காரன் சம்பாதிக்கும் நூறு ரூபாயில் பதினைந்தும் முப்பதும் உருவிக்கொள்ளும் சரக்குக்கு மட்டும் எந்தச் சாவடியும் கிடையாது. அதை எதிர்த்து ஒரு குடிமகன் சட்டப்படி என்னென்ன செய்யலாம் என்று விளக்கவே இந்தக் கையேடு. படித்து முடித்ததும் ஒன்றும் செய்ய முடியாது போலிருக்கிறதே என்று தோன்றினால், சரியாகப் படித்திருக்கிறீர்கள்.

படி 1: உங்களுக்கு நடந்தது என்ன என்று புரிந்துகொள்ளுங்கள்

எளாவூர்ப் பையன் ஒருவன் ஒரு செயலி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பழவேற்காடு ஏரியில் காற்று எப்படி, முகத்துவாரம் திறந்திருக்கிறதா, காசிமேட்டில் இன்று நண்டு என்ன விலை என்று காலையில் சொல்லும் செயலி. மாதச் சந்தா நூறு ரூபாய். பிளே ஸ்டோரில் வைக்கிறான். கூகுளின் பில்லிங் வழியாகப் பணம் வாங்கினால் நூற்றில் 15 ரூபாய் கூகுளுக்கு. சந்தாவாக இல்லாமல் வேறு டிஜிட்டல் சரக்கு விற்றுத் தொழில் பெருத்தால் 30 வரை போகும். "உன் பில்லிங் வேண்டாம், நான் என் வழியில் வாங்கிக்கொள்கிறேன்" என்றால் பெரிய மனதோடு 4 ரூபாய் குறைப்பார்கள். அதாவது, கூகுள் ஒரு வேலையும் செய்யாத அந்தப் பரிவர்த்தனைக்கு 11 முதல் 26 வரை. இதிலுள்ள அழகைக் கவனியுங்கள். செயலி வழியாக நண்டை விற்றால் கமிஷன் இல்லை. பொருளுக்கு விலக்கு உண்டு. நண்டின் விலையைச் சொன்னால் கமிஷன் உண்டு.

ஏரிக்கரை ஆட்களுக்கு இதைப் புரியவைக்கப் பொருளாதாரப் பேராசிரியர் வேண்டாம். வலைக்கும் படகுக்கும் வியாபாரி முன்பணம் கொடுப்பார். வட்டி கேட்கமாட்டார், பத்திரம் கேட்கமாட்டார், கடனைத் திருப்பிக் கொடு என்றுகூட நெருக்கமாட்டார். பிடித்த இறாலை அவரிடமே போட வேண்டும், அவ்வளவுதான். தராசு அவருடையது. விலை அவர் வாயில். ஈரக் கூடையை நிறுத்தும்போது தண்ணீர்க் கழிவு என்று அவர் கழிப்பதுதான் கணக்கு.

"ஏன் நைனா, வேற ஆள்கிட்ட போட்டா என்னா?"

"போட்டுப் பாரு. அடுத்த தபா வலை கிழிஞ்சா எவன் வூட்டு வாசல்ல போய் நிப்ப?"

கூகுள் கொடுத்த முன்பணத்தின் பெயர் ஆண்ட்ராய்டு. கைபேசிக் கம்பெனிகளுக்கு இலவசம், நமக்கும் இலவசம். இந்தியாவில் புழங்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அதில் ஓடத் தொடங்கிய பிறகு தராசு வெளியே வந்தது. வியாபாரி ஐஸாவது போடுவார். மீன்காரன் தவறிப்போனால் சாவு வீட்டுக்கு வந்து நிற்பார். இவர்கள் ஒரு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அதற்குப் பதில் எழுத முடியாது.

நிறுவனத்தின் தரப்பையும் கேட்போம். இந்தியாவில் உள்ள இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட செயலிக்காரர்களில் 3 சதவீதம் பேர்தான் கட்டணம் கட்ட வேண்டியவர்கள் என்கிறார்கள். உண்மையாகவே இருக்கட்டும். ஏரியில் வலை வீசும் எல்லோரிடமும் கழிவு பிடிப்பதில்லை, இறால் விழுந்தவனிடம் மட்டும்தான் பிடிக்கிறோம் என்று எந்த வியாபாரியும் இதுவரை தன்னைத் தர்மவான் என்று சொல்லிக்கொண்டதில்லை.

படி 2: சிவில் கோர்ட்டுப் பக்கம் போகாதீர்கள்

பக்கத்து வீட்டுக்காரன் உங்கள் வாசலில் கல்லை நட்டால் பொன்னேரி கோர்ட்டில் வழக்குப் போடலாம். வரப்பை வெட்டினால் போடலாம். கொடுத்த கடனைத் திருப்பித் தராவிட்டால் போடலாம். உலகத்தின் மிகப்பெரிய கம்பெனிகளில் ஒன்று தன் சந்தை பலத்தால் உங்கள் கழுத்தில் கால் வைத்தால் போட முடியாது. போட்டிச் சட்டம், 2002, பிரிவு 61: போட்டி ஆணையமும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் முடிவு செய்ய வேண்டிய விஷயத்தில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது.

இதைச் சென்னையிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். பாரத் மேட்ரிமோனி நடத்தும் முருகவேல் ஜானகிராமனின் நிறுவனம் கூகுளோடு மல்லுக்கட்டுவது நேற்று இன்று தொடங்கியதல்ல. தன் வணிகப் பெயரைத் தேடுகிறவர்களுக்குப் போட்டியாளர்களின் விளம்பரத்தைக் காட்டிக் காசு பார்க்கிறார்கள் என்று அது சென்னை உயர் நீதிமன்றம் போனது. கேட்ட தடை 2010 செப்டம்பரில் மறுக்கப்பட்டது. பிறகு பிளே ஸ்டோர் கட்டணம் வந்தது. பாரத் மேட்ரிமோனியும் வேறு பல இந்திய நிறுவனங்களும் ஒப்பந்தச் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அதே உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டின. ஒரு பக்கம் எழுதி மறு பக்கம் கையெழுத்துப் போட மட்டுமே முடிகிற ஒப்பந்தம் ஒப்பந்தமா என்பது கேள்வி. 2023 ஆகஸ்டில் தனி நீதிபதி, இது போட்டி ஆணையத்தின் எல்லைக்குள் வருவது என்று வழக்குகளை வாசலிலேயே நிராகரித்தார். 2024 ஜனவரி 19 அன்று தலைமை நீதிபதி அமர்வு அதை உறுதி செய்தது. நீதிபதிகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சட்டப் புத்தகத்தில் பூட்டு இருக்கிறது. பூட்டியிருக்கிறது என்று அவர்கள் படித்துச் சொன்னார்கள். பூட்டு வாங்கிப் போட்டவர்கள் தில்லியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம்தான் ஓட்டுப் போடுகிறோம்.

பாரத் மேட்ரிமோனி 2017இலேயே பங்குச் சந்தையில் ஏறிய கம்பெனி. மூத்த வழக்கறிஞர்களை நிறுத்தும் வசதி உண்டு. பெரிய இடத்துச் சண்டை, நமக்கென்ன என்று நினைக்கத் தோன்றும். அந்தப் பெரிய இடமே வாசலோடு திரும்பியது என்றால், எளாவூர்ப் பையன் வழக்கறிஞருக்கு முன்பணம் கொடுக்க வாங்கும் கடனை நினைத்துப் பாருங்கள்.

படி 3: போட்டி ஆணையத்துக்குப் போங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்

இந்தக் கதவு திறந்திருக்கிறது. தனி நபர் புகார் கொடுக்கக் கட்டணம் 5,000 ரூபாய்தான். மீனவர் கூட்டுறவுச் சங்கமும் அதே கட்டணத்தில் புகார் கொடுக்கலாம். ஆனால் சட்டத்தின் கண்ணில் நீங்கள் அங்கே வாதி அல்ல, தகவல் கொடுத்தவர். அதாவது, "சார், அங்கே ஒருத்தன் ஒருத்தனை அடிக்கிறான்" என்று போய்ச் சொல்லும் ஆள். அடிபட்டவனே நீங்கள்தான் என்பதை மறந்துவிட வேண்டும்.

காலம் எவ்வளவு ஆகும்? அதே மேட்ரிமோனி நிறுவனமும் ஜெய்ப்பூரைச் சேர்ந்த கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பும் கொடுத்த புகார்கள் 2012இல் விசாரணைக்குப் போயின. தீர்ப்பு 2018 பிப்ரவரி 8 அன்று. அபராதம் 135.86 கோடி. தேடல் முடிவுகளில் கூகுள் தன் சொந்தச் சரக்கை முன்னால் தள்ளிக் காட்டியது தப்பு என்றது ஆணையம். மேட்ரிமோனியை முதன்முதலில் கோர்ட்டுக்குத் துரத்திய அந்த விளம்பரச் சொல் விவகாரத்தில் தப்பில்லை என்றது. ஆறு வருடம் காத்திருந்து, ஊருக்கு நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டு, தன் இலையைப் பார்த்தால் உப்பு மட்டும் இருந்தது.

ஆணையத்தில் ஆள் இருக்கிறார்களா என்றும் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். 2022 அக்டோபரில் ஐந்து நாள் இடைவெளியில் கூகுளுக்கு இரண்டு பெரிய அபராதங்களை விதித்த கையோடு தலைவர் ஓய்வு பெற்றார். அடுத்த தலைவர் வந்தது 2023 மே மாதம். உத்தரவு போட மூன்று பேர் வேண்டும். இருந்தது இரண்டு பேர். அந்த மாதங்களில்தான் கூகுள் தன் புதிய கட்டணத் திட்டத்தைக் கொண்டுவந்தது. கோரம் இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்காமல் புகாரைக் கேளுங்கள் என்று ஆணையத்துக்குச் சொல்ல தில்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்குப் போக வேண்டியிருந்தது. நூற்று நாற்பது கோடி மக்கள் உள்ள நாட்டில் ஒரு நாற்காலிக்கு ஆள் பிடிக்க ஏழு மாதம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படிக்க வேண்டாம்.

படி 4: அபராதத் தொகையைப் படித்துப் பரவசப்படுங்கள்

2022 அக்டோபர் 20: ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி. அக்டோபர் 25: பிளே ஸ்டோர் பில்லிங் விவகாரத்தில் 936.44 கோடி. தொலைக்காட்சியில் சிவப்பு எழுத்தில் ஓடியது. கூகுளுக்குக் குட்டு, கூகுளுக்குச் சாட்டையடி என்று நம் செய்தியாளர்கள் துள்ளினார்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். இரண்டாவது தொகையை 2025 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 216.69 கோடியாகக் குறைத்தது. கூகுள் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்ற முடிவு பெருமளவு நின்றது. ஆனால் அபராதத்தை மொத்த வருமானத்தில் கணக்கிடக் கூடாதாம், தப்பு நடந்த தொழிலின் வருமானத்தில்தான் கணக்கிட வேண்டுமாம். முக்கால் பங்கு பறந்தது. அதற்குப் பிறகும் விவகாரம் உச்ச நீதிமன்றம் போயிருக்கிறது. 2025 ஏப்ரலில் இன்னொரு வேடிக்கை. ஆண்ட்ராய்டு டிவி விவகாரத்தில் கூகுள் 20.24 கோடி கட்டி ஆணையத்தோடு சமரசம் செய்துகொண்டது. திருத்திய சட்டத்தின் கீழ் முதல் சமரசம் என்று அதற்கு ஒரு பெருமை வேறு.

குறைந்ததோ கூடியதோ, வசூலாகும் பணம் எங்கே போகும்? பிரிவு 47ஐப் படியுங்கள். இந்தியத் தொகுப்பு நிதிக்கு. உங்கள் வலையை ஒருவன் அறுத்தான். அறுத்தவனிடம் அரசாங்கம் அபராதம் வாங்கியது. அந்தப் பணத்தை அரசாங்கமே வைத்துக்கொண்டது. அறுந்த வலை உங்களிடமே இருக்கிறது. இதன் பெயர்தான் போட்டிச் சட்ட அமலாக்கம்.

படி 5: இழப்பீடு கேட்கலாம், பேரன் பெயரில்

இழப்பீட்டுக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? பிரிவு 53-என். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். ஒரே ஒரு நிபந்தனை: தப்பு நடந்தது என்று ஆணையமோ தீர்ப்பாயமோ முதலில் தீர்மானித்திருக்க வேண்டும். ஆணையத்துக்கு ஆறு வருடம், மேல்முறையீட்டுக்குச் சில வருடம், உச்ச நீதிமன்றத்துக்கு ஆண்டவன் விட்ட வழி. அந்தத் தீர்ப்பாயமும் இதற்காகவே உட்கார்ந்திருப்பதல்ல. போட்டி வழக்குக்கென்று தனியாக இருந்த தீர்ப்பாயத்தை 2017இல் கலைத்து, கம்பெனித் திவால் வழக்குகளில் மூழ்கிக் கிடக்கும் தீர்ப்பாயத்தின் தலையில் கட்டினார்கள். திவாலானவர்களின் வரிசை நகர்ந்த பிறகு உங்கள் முறை வரும். அதற்குள் நீங்களும் அந்த வரிசைக்கே வந்துவிட்டால் ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடியும்.

இதற்கு முன்னால் இருந்த ஏகபோகத் தடைச் சட்டம் 1969இல் வந்தது. லைசென்ஸ் ராஜ்யம், உளுத்துப்போன சோஷலிசம் என்று எல்லோரும் ஏசிய காலத்துச் சட்டம். அதில் 1984இல் 12-பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். நஷ்டப்பட்டவர் நேராக அந்தச் சட்டத்தின் ஆணையத்திடமே போய் இழப்பீடு கேட்கலாம். தாராளமயம் வந்தது, நவீனச் சட்டம் வந்தது, அந்த வசதி போனது. சந்தையைத் திறந்துவிட்டார்கள், சந்தையில் அடிபட்டவன் போகும் வழியை அடைத்துவிட்டார்கள்.

படி 6: முடிந்தால் வேறு நாட்டில் பிறந்துகொள்ளுங்கள்

இங்கிலாந்தில் பெர்னார்ட் க்ரீகன் என்று ஒரு மதுக்கடைக்காரர். கடையைக் குத்தகைக்கு எடுத்தபோது, பீரை இன்ன கம்பெனியிடம்தான் வாங்க வேண்டும் என்று அவர் கையைக் கட்டியிருந்தார்கள். வெளியே மலிவாகக் கிடைத்த பீரை அவர் அதிக விலை கொடுத்து வாங்கி நொடித்தார். பாக்கியைக் கட்டு என்று கம்பெனி வழக்குப் போட்டது. நீதான் எனக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்று இவர் எதிர்வழக்குப் போட்டார். ஐரோப்பிய நீதிமன்றம் 2001 செப்டம்பரில், போட்டி விதியை மீறியதால் நஷ்டப்பட்ட எவரும் இழப்பீடு கேட்கலாம் என்றது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரும்கூடக் கேட்கலாம். க்ரீகனுக்குக் கடைசியில் ஒரு காசும் கிடைக்கவில்லை. 2006இல் பிரபுக்கள் சபை அவருக்கு எதிராகத் தீர்த்தது. ஆனால் அவர் உடைத்த கதவு திறந்தே நின்றது.

அந்த வழியாக யார் யார் போனார்கள் பாருங்கள். கூகுள் தன் விலை ஒப்பீட்டுச் சேவையைத் தேடலில் தூக்கிப் பிடித்தது தப்பு என்று ஐரோப்பிய ஆணையம் 2017இல் 242 கோடி யூரோ அபராதம் போட்டது. 2024இல் மேல் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இங்கே என்றால் கதை அத்தோடு முடிந்திருக்கும். அங்கே 2025 நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் ஒன்று, நஷ்டப்பட்ட இடியாலோ நிறுவனத்துக்கு ஏறக்குறைய 46.5 கோடி யூரோவும், இன்னொரு நிறுவனத்துக்கு 10 கோடிக்கு மேலும் கூகுள் கொடுக்க வேண்டும் என்றது. கூகுள் மேல்முறையீட்டுக்குப் போகிறது; போகட்டும். இடியாலோவின் பங்கு மட்டும் நம் பணத்தில் 4,500 கோடிக்கு மேல். லண்டனில் ஒரு கல்லூரி ஆசிரியை கோடிக்கணக்கான ஆப்பிள் பயனாளிகள் சார்பில் வழக்குப் போட்டார். 2025 அக்டோபரில் அங்குள்ள தீர்ப்பாயம் ஆப்பிள் அதிகமாகக் கட்டணம் பிடுங்கியது என்று தீர்த்தது. அமெரிக்காவில் ஏகபோகத்தால் நஷ்டப்பட்டவர் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கேட்கலாம், சட்டமே அப்படி.

கம்பெனி அதே கம்பெனி. நஷ்டமும் அதே மாதிரி நஷ்டம். பெர்லின்காரருக்கு அது கடன், திருப்பிக் கொடுக்க வேண்டும். எளாவூர்க்காரனுக்கு அது விதி, நெற்றியில் எழுதியது.

படி 7: அமைச்சரின் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள்

இதுவரை வந்த ஆறு படிகளையும் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

சென்னையில் தோற்ற நிறுவனங்கள் மேலே போனபோது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலப் பாதுகாப்பு எதுவும் தரவில்லை. மார்ச் 1 அன்று கூகுள் பத்து இந்திய நிறுவனங்களின் செயலிகளை பிளே ஸ்டோரிலிருந்து உருவத் தொடங்கியது. பாரத் மேட்ரிமோனி போனது. வேலை தேடித் தரும் நௌக்ரி போனது. பட்டப்படிப்பு இல்லாதவர்கள் வரன் பார்ப்பதற்கென்றே வந்த ஜோடி என்ற செயலியும் போனது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் லேத் ஓட்டும் மாப்பிள்ளைக்கும் சுண்ணாம்புக்குளத்துப் பெண்ணுக்கும் நடுவில் கலிபோர்னியா வந்து நின்றது. இந்திய இணையத்துக்கு இது இருண்ட நாள் என்றார் முருகவேல்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியத் தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், இதை அனுமதிக்க முடியாது என்று ஒரு வார்த்தை சொன்னார். திங்கள்கிழமை கூட்டம். செவ்வாய்க்கிழமை செயலிகளைத் திரும்ப ஏற்ற கூகுள் ஒப்புக்கொண்டது. உயர் நீதிமன்றத்தின் இரண்டு அமர்வுகள், உச்ச நீதிமன்றம், பதினான்கு ஆண்டு வழக்காட்டம் எதனாலும் அசையாத மலை அமைச்சர் வாய் திறந்ததும் நகர்ந்தது. அதே மாதம் போட்டி ஆணையமும் விழித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. இடைக்கால நிவாரணம் கேட்டதற்குத் தர மறுத்தது.

அமைச்சருக்கு நன்றி. ரயில்வேயும் அவரிடம்தான் இருக்கிறது. எளாவூரில் நிற்காமல் பறக்கும் வண்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னால் புண்ணியமாகப் போகும். ஆனால் மீதிப் பேருக்கு என்ன வழி? பத்து நிறுவனங்களுக்குத் தொலைக்காட்சி இருந்தது, சங்கம் இருந்தது, எடுத்துப் பேச ஒரு குரல் இருந்தது, தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. எளாவூர்ப் பையனின் செயலியைத் தூக்கினால் எந்த அமைச்சர் சனிக்கிழமை வாய் திறப்பார்? தயவால் கிடைத்ததைத் தயவு தீர்ந்தால் பிடுங்கிக்கொள்ளலாம். நாளைக்கு அமெரிக்காவோடு வர்த்தகப் பேச்சு நடக்கும்போது அதே தயவை மேஜையில் வைத்து விற்றாலும் கேட்க ஆள் இல்லை. வழக்காடும் உரிமையை அப்படி விற்க முடியாது. அதனால்தான் அதைக் கொடுக்க மறுக்கிறார்கள்.

கேட்பது பெரிய வரம் ஒன்றும் அல்ல. பிரிவு 61இல் ஒரு வரியைத் திருத்தி, போட்டி விதியை மீறியவனால் நஷ்டப்பட்டவன் சிவில் நீதிமன்றத்தில் நேராக வழக்குப் போடலாம் என்று எழுத வேண்டும். கூட்டாக வழக்குப் போட வழி வேண்டும். நூறு ரூபாயில் பதினைந்து இழந்தவன் தனியாக வந்தால் வழக்கறிஞரின் பெட்ரோலுக்குக்கூட அது காணாது. வழக்கு முடியும்வரை செயலியைத் தூக்காதே என்று சொல்லும் இடைக்கால உத்தரவு வேண்டும். டிஜிட்டல் போட்டிச் சட்டம் என்று 2024 மார்ச்சில் ஒரு வரைவு வெளியிட்டார்களே, அதைத் தூசு தட்டி எடுத்து அதிலேயே இதையும் சேர்க்கலாம். பெரிய கம்பெனிகள் வருந்தும், முதலீடு போய்விடும் என்று அவர்களின் வக்கீல்கள் பயமுறுத்துவார்கள். பெர்லினிலும் லண்டனிலும் வழக்கு நடக்கிறது. அங்கே எந்தக் கம்பெனி கடையை மூடிக்கொண்டு போய்விட்டது?

கும்மிடிப்பூண்டி தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் சாலை தருவேன், தூண்டில் வளைவு தருவேன், ஏரியின் முகத்துவாரத்தைத் தூர்வாருவேன் என்கிறார்கள். அடுத்த முறை வந்தால் மாலையைக் கொஞ்சம் பொறுத்துப் போடுங்கள். என்னை ஏய்த்தவன் மேல் நானே வழக்குப் போட உன் கட்சி சட்டம் கொண்டுவருமா, ஆமா இல்லையா என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆராய்ந்து சொல்கிறோம், குழு போடுகிறோம் என்று இழுத்தால், அவரும் யாரிடமோ முன்பணம் வாங்கியிருக்கிறார் என்று தெரிந்துகொண்டு ஓட்டை வேறு பக்கம் போடுங்கள்.